என் மகன் நிமிர்ந்து பார்த்தான்: உங்கள் எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள பரதநாட்டிய டீச்சருக்கும், தாளம் தட்டிச் சொற்கட்டுச் சொல்லி ஆட்டத்தை நடத்தும் நட்டுவாங்கம் ஐயாவுக்கும், வகுப்பின் பெரிய பிள்ளைகளுக்கும், வாசலில் என்னோடு காத்துக் கிடந்த பெற்றோர் எல்லோருக்கும்,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் முதல் தடவையாகச் சலங்கை கட்டி மேடையில் ஆடும் சலங்கை பூஜை முடிந்து எல்லோரும் கிளம்பிய அவசரத்தில் ஒருவரிடமும் சரியாக நன்றி சொல்லவில்லை. சொல்ல வந்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. அதனால்தான் இந்தக் கடிதம். நாலு பேர் படிக்கும்படி எழுதுவதற்கும் காரணம் உண்டு. உங்களில் பலருக்கு, நீங்கள் செய்தது என்ன என்பதே தெரியாது.

என் மகனுக்கு இப்போது பத்து வயது. வகுப்புக்கு முதலில் வந்தபோது ஆறரை. வந்தான் என்றுகூடச் சொல்ல முடியாது, அக்காவைக் கொண்டுவிட வரும்போது கூடவே வந்தவன். வீட்டில் வாய் ஓயாது. வாசற்படி தாண்டினால் ஒரு சொல் வராது. யாராவது பெயர் கேட்டால் என் காலுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்வான். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குவான், அதுவும் காது உயரத்துக்கு மேல் போகாது. 'கூச்ச சுபாவம், வளர வளர சரியாகிவிடும்' என்றார்கள் பாதிப் பேர். 'வாயில் என்ன கொழுக்கட்டையா?' என்று கேட்டார்கள் மீதிப் பேர். அந்த இரண்டாவது கேள்வியை நானும் அவனிடம் கேட்டிருக்கிறேன்.

அதற்கு முந்தின வருஷம் அவன் படித்த பள்ளியின் ஆண்டு விழாவில் ஒரு சினிமாப் பாட்டுக்கு ஆட அவனை முன்வரிசையில் நிறுத்தினார்கள். பாட்டு தொடங்கியது, இவன் நகரவில்லை. ஓரத்திலிருந்து ஒருவர் வந்து மணிக்கட்டைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். கூட்டம் சிரித்தது. அப்புறம் அவன் மேடையிலேயே முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அன்றிலிருந்து வீட்டில் 'ஆடு' என்ற சொல்லைக் கேட்டாலே வேறு அறைக்குப் போய்விடுவான். இதையெல்லாம் டீச்சரிடம் நாங்கள் சொன்னதில்லை. சொல்லாமலே அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும்.

டீச்சர், உங்களிடமிருந்தே தொடங்குகிறேன்.

முதல் நான்கு மாதம் நீங்கள் அவனிடம் எதுவுமே கேட்கவில்லை. பெயர், வகுப்பு, 'நீயும் ஆடுறியா கண்ணா' எதுவும் இல்லை. செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் சுவரோரமாக அவனுக்கென்று ஒரு பாயை மட்டும் போட்டு வைத்தீர்கள். அவன் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வான். பக்கம் மட்டும் புரளாது. புத்தகத்துக்குக் கீழே வலது கை ஆள்காட்டி விரல் பாயைத் தட்டிக்கொண்டிருக்கும். அக்கா முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், பாதத்தைத் தட்டும் தட்டடவு போட்டால் விரலும் முதல் காலத்தில். இரண்டாம் காலம் வந்தால் விரலும் வேகம் பிடிக்கும். மூன்றாம் காலத்தில் பெரிய பிள்ளைகளே தடுமாறுவார்கள், அந்த விரல் தடுமாறாது. நான் அதைப் பார்த்ததே இல்லை. பார்த்தது நீங்கள்.

ஒரு நாள் ஐயா வரத் தாமதமானது. நீங்கள் அவன் பக்கம் திரும்பாமலே, பிள்ளைகளின் வரிசையைச் சரிசெய்துகொண்டே, 'கொஞ்சம் இதைத் தட்டிக்கிட்டு இருக்கியா' என்று தாளம் தட்டும் தட்டுக்கழியைப் பாய்மேல் வைத்துவிட்டுப் போனீர்கள். அவன் எடுக்கிறானா என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எடுத்திருக்க மாட்டான். கொஞ்ச நேரம் கழித்துக் கட்டையில் கழி விழும் சத்தம் கேட்டது. வாசலில் இருந்த நாங்கள் ஐயா வந்துவிட்டார் என்றே நினைத்தோம்.

தட்டுக்கழி பிடித்தவன், ஆட்டத்துக்குத் தாளமாகச் சொல்லும் சொற்கட்டையும் சொல்லித்தானே ஆக வேண்டும்? 'தெய்யா தெய்... தெய்யா தெய்...' என்று பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது அவன் உதடும் அசையத் தொடங்கியது. பிறகு சத்தம் வந்தது. வெளியாட்கள் முன்னால் என் மகன் குரல் முதலில் கேட்டது அந்தத் 'தெய்யா தெய்'யில்தான். பல நாள் இதை யோசித்துப் பார்த்திருக்கிறேன். 'உன் பேர் என்ன' என்றால் பதில் சொல்ல வேண்டும். பதில் சொன்னால் இன்னொரு கேள்வி வரும். சொற்கட்டுக்கு அந்தத் தொல்லை கிடையாது. அதைச் சொன்னால் யாரும் திருப்பி எதுவும் கேட்பதில்லை, காலும் தாளமும்தான் பதில். அவனுக்கு அப்படி ஒரு பேச்சுதான் வேண்டியிருந்தது போலிருக்கிறது. அது இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது.

பிறகு தானாகவே எழுந்து கடைசி வரிசையில் சுவரை ஒட்டி நின்றான். முட்டியை மடக்கி நிற்கும் அரைமண்டியில் அவன் முட்டி நடுங்கியதும், காலை நீட்டி வைக்கும் நாட்டடவில் குதிகாலை மாற்றி மாற்றி வைத்ததும் எல்லாப் பிள்ளைகளுக்கும் நடப்பதுதான். அவனுக்கு உண்மையான கஷ்டம் கண்ணில் இருந்தது. கை கால் எல்லாம் வந்தபிறகும் பார்வை தரையை விட்டு எழும்பவில்லை.

நானாக இருந்தால் 'மேலே பாருடா' என்று சொல்லியிருப்பேன். உண்மையில் ஆயிரம் தடவை சொல்லியும் இருக்கிறேன். நீங்கள் சொன்னதை வாசலில் நின்று கேட்டேன். 'இப்ப நீ பார்க்கிற பார்வைக்குப் பேர் இருக்கு தெரியுமா? அவலோகிதம். கீழ்நோக்கிப் பார்க்கிறது. பரதத்துல கண் பார்வை எட்டு. அதுல ஒண்ணு உனக்கு ஏற்கெனவே நல்லா வருது. இன்னும் ஏழுதான் பாக்கி.'

அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தபோது அவன் என்னிடம் எட்டையும் விரல் விட்டுச் சொன்னான். சமம், ஆலோகிதம், சாசி, பிரலோகிதம், நிமீலிதம், உல்லோகிதம், அனுவிருத்தம், அவலோகிதம். கடைசிப் பெயரைச் சொல்லும்போது ஒரு சின்னப் பெருமை. பிறந்ததிலிருந்து குறை என்று எல்லோரும் சொல்லி வந்த ஒன்றுக்கு, நீங்கள் ஒரு பெயர் கொடுத்து, ஒரு வரிசையில் இடமும் கொடுத்துவிட்டீர்கள்.

அப்புறம் நடந்தது இன்னும் மெதுவாக நடந்தது. கை எங்கே போகிறதோ அங்கே கண் போக வேண்டும் என்பது நாட்டியம் கற்கும் எல்லோருக்கும் ஆரம்பத்திலேயே சொல்லித்தரும் பாடம். அதை நீங்கள் அவனுக்கு வேறு விதமாகப் பயன்படுத்தினீர்கள். 'யாரையும் பார்க்க வேண்டாம், உன் கையை மட்டும் பாரு' என்றீர்கள். வலது கை, விரல்களைச் சேர்த்து நீட்டிய பதாக முத்திரையில் தோளுக்கு நேராகப் போகும். கண்ணும் தயங்கித் தயங்கிப் பின்னாலேயே போகும். கை தலைக்கு மேலே போனால் முகமும் மேலே. ஒரு வருஷம் அவன் தன் கையைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. ஆனால் அதற்குள் கழுத்து நிமிர்ந்துவிட்டது. தரையைத் தவிர உலகத்தில் இன்னும் இடம் இருக்கிறது என்று அவன் கையே அவனுக்குக் காட்டிவிட்டது.

இடையில் எங்கள் உறவினர் ஒருவர், 'ஆம்பளப் பையனுக்கு எதுக்கு இது? கராத்தேயில் சேர்த்தால் தைரியம் வரும்' என்று அவன் காதுபடச் சொன்னார். மறுநாள் அவன் வகுப்புக்குக் கிளம்பவில்லை. அதற்குப் பதில் சொன்னவர் நட்டுவாங்கம் ஐயாதான். அலாரிப்பு என்ற ஆட்டத்தில் தொடங்கித் தில்லானா என்ற ஆட்டத்தில் முடிகிற இந்தக் கச்சேரி வரிசைக்கு உருவம் கொடுத்தவர்கள் தஞ்சை நால்வர் என்றும், சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்று நாலு பேரும் அண்ணன் தம்பிகள் என்றும், 19ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூர் அரசவையில் இருந்தவர்கள் என்றும் போனிலேயே அவனுக்குக் கதையாகச் சொன்னார். அவர்களில் வடிவேலு திருவிதாங்கூருக்குப் போய் சுவாதித் திருநாள் மகாராஜாவின் அவையில் இருந்த கதையையும் சேர்த்துச் சொன்னார். போனை வைத்துவிட்டு அவன் கேட்டது ஒன்றுதான். 'அப்பா, அவங்க நாலு பேரும் ஒரே வீட்டுலயா ப்ராக்டிஸ் பண்ணாங்க?' அடுத்த வகுப்புக்குத் தானே கிளம்பிவிட்டான். ஐயா, அன்று நீங்கள் இருபது நிமிடம் பேசினீர்கள். உங்களுக்கு அது ஞாபகம்கூட இருக்காது.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது.

அவனுக்கு எட்டரை வயது இருக்கும். நவரசம் ஆரம்பித்திருந்தீர்கள். அன்றைக்கு ரௌத்ரம். புருவத்தை நெரி, பல்லைக் கடி என்று முகத்தை மட்டும் சொல்லித் தராமல், 'உங்களுக்கு ரொம்பக் கோபம் வந்த ஒரு நாளைக் காட்டுங்க, வாயைத் திறக்காம' என்றீர்கள். ஒரு பெண் தம்பி பொம்மையை உடைத்ததைக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். இவன் முறை வந்தது. தாண்டிப் போய்விடுவான் என்று நினைத்தேன். நடுவில் வந்து நின்றான்.

முதலில் வெறுமனே நின்றான். பிறகு இடது கையால் தன் வலது மணிக்கட்டைப் பிடித்தான். இழுத்தான், இப்படி, அப்படி. பிடித்தது வேறு யாரோ என்பதுபோல அந்தக் கையையே வெறித்துப் பார்த்தான். எனக்கு உடனே புரிந்துவிட்டது. அப்புறம் அவன் எதிர்ப்பக்கம் போய்க் கூட்டமாக மாறினான். வாயைப் பொத்திச் சிரிக்கும் ஒருவர், பக்கத்து ஆளைத் தட்டிக் காட்டும் ஒருவர். கடைசியில் ஒருவர் வந்தார். வலது கையைப் பதாகமாக முகத்துக்கு முன்னால் நீட்டி, ஒற்றைக் கண்ணைச் சுருக்கி, கட்டைவிரலால் எதையோ அழுத்தி, அதற்குப் பின்னால் தோள் குலுங்கச் சிரித்தார்.

அது நான். அன்று ஆண்டு விழாவில் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு சிரித்தது நான்தான். குழந்தை மேடையில் மலைத்து நின்றது எனக்கு அப்போது அழகாகத் தெரிந்தது. அந்த வீடியோவைச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினேன். கையைப் பிடித்து ஆட்டியவர்தான் அவனைப் பயமுறுத்தினார் என்று அத்தனை நாளாக நான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

காட்டி முடித்துவிட்டு அவன் திரும்பி வாசலைப் பார்த்தான். நேராக என் கண்ணைப் பார்த்தான். கோபமாகத்தான் பார்த்தான். ஆனால் பார்த்தான். அன்று வகுப்பில் யாரும் கைதட்டவில்லை. டீச்சர், நீங்கள் 'ம்' என்று மட்டும் சொல்லி, அவன் தோளில் கை வைத்து வரிசைக்கு அனுப்பிவிட்டு, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டீர்கள். அதற்காகவே உங்களைக் கும்பிடத் தோன்றுகிறது. அவன் சொல்ல வேண்டியதைச் சொன்னான், அதை யாரும் தோண்டித் துருவவில்லை.

வண்டியில் திரும்பும்போது மன்னிப்புக் கேட்டேன். பின்னாலிருந்து பதில் வரவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது, 'அது என்னை மாதிரியே இருந்துச்சா?' என்றேன். 'கரெக்டா உங்களை மாதிரிதான்' என்றான். அந்த வீடியோவை அன்றிரவே அழித்தேன். அனுப்பியவர்களிடமும் சொல்லி அழிக்க வைத்தேன்.

மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். அவன் புதிய பள்ளியின் வகுப்பாசிரியைக்கு: மனப்பாடச் செய்யுளை எழுந்து நின்று ஒப்பிக்க வராது என்றதும், இருந்த இடத்திலிருந்தே முத்திரை பிடித்துக்கொண்டு சொல்லட்டும் என்று விட்டீர்களே, அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி. இப்போது எழுந்து நின்றே சொல்கிறான். வகுப்பின் பெரிய அக்காக்களுக்கு: கடைசி வரிசையில் அவன் தனியாக நிற்கக் கூடாது என்று முறை வைத்துக்கொண்டு உங்களில் ஒருவர் தினமும் பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியும். வாசலில் காத்திருந்த பெற்றோருக்கு: 'என்ன, இன்னைக்குப் பேசினானா?' என்று கேட்பதை ஒரு நாள் எல்லோருமாக நிறுத்திவிட்டீர்கள். பேசி வைத்துக்கொண்டு செய்தீர்களா என்று தெரியவில்லை, எப்படியானாலும் பெரிய உதவி. மிருதங்கம் வாசித்த அண்ணனுக்கு, ஒப்பனை போட்ட அம்மாவுக்கு, நன்றி. என் மகளுக்கு எல்லோரையும்விடக் கூடுதலாக. தம்பி தனக்கு முன்னால் அலாரிப்பு ஆடினால் போதும், தான் அப்புறம் ஆடிக்கொள்கிறேன் என்று விட்டுக்கொடுத்தவள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன்.

அலாரிப்பு என்ற பெயரை 'அலர்' என்ற சொல்லோடு சேர்த்துச் சொல்வார்கள். மொட்டு விரிவதுபோல முதலில் கண், பிறகு கழுத்து, தோள், கை என்று ஒவ்வொன்றாக உடம்பு திறந்துகொள்ளும். இருபது தடவையாவது மகள் ஆடிப் பார்த்திருக்கிறேன். இவன் ஆடும்போதுதான் கண்ணில் தொடங்குவதை முதல் தடவையாகக் கவனித்தேன். தலைக்கு மேலே கைகூப்பி நின்று, உடம்பில் வேறு எதுவும் அசையாமல், கண் மட்டும் வலம் போய் இடம் வந்தது. இந்த மூன்றரை வருஷமும் அவன் கற்றுக்கொண்டது அந்தச் சில நொடிகளில் இருந்தது.

மேடைக்குப் போவதற்கு முன்னால் திரைக்குப் பின்னால் சலங்கை கட்டிக்கொண்டு நின்றான். நான் போனை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தேன். என் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, 'போன் எங்கப்பா?' என்றான். கொண்டுவரவில்லை என்றேன். 'அம்மாகிட்ட வாங்கிக்கோங்க. இன்னைக்கு எடுக்கலாம். முன்வரிசையில உட்கார்ந்து எடுங்க' என்றான்.

எடுத்தேன். அன்றிரவு, யாருக்கெல்லாம் அனுப்பட்டும் என்று அவனிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஆயாவுக்கும் டீச்சருக்கும் மட்டும் என்றான். அனுப்பியிருக்கிறேன், டீச்சர். நேரம் கிடைக்கும்போது பாருங்கள்.

அன்புடன்,
சுவரோரப் பாயில் உட்கார்ந்திருந்த பையனின் அப்பா