மைக் முன்னால் மறுபடியும் உட்கார வைத்தவர்களுக்கு

அன்புள்ள நேயர்களுக்கு,

குரல்நாணில் கணு (சிறு தடிப்பு) வந்திருக்கிறது, பேசாமல் இருங்கள் என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து, போன வாரம் மீண்டும் வர்ணனை அறைக்குள் போனது வரை என்னைத் தாங்கிப் பிடித்தவர்களுக்கு இந்த மடல். ஒவ்வொருவருக்கும் தனியாக எழுத ஆசைதான். குவிந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால் அதற்கு நாளாகும் என்று தெரிகிறது.

முதல் நன்றி எனக்குக் குரல் பயிற்சி தந்த அம்மையாருக்கு. வேகப்பந்து வீசிய காலத்தில் முதுகுக்கும் தோளுக்கும் எத்தனையோ பயிற்சி செய்திருக்கிறேன். தொண்டைக்கும் பயிற்சி வேண்டும் என்று சொல்லித் தந்தவர் அவர்தான். சத்தமாகப் பேசக் கூடாதென்றால் கிசுகிசுக்கலாம் என்று நாம் நினைப்போம். அதுவும் குரல்நாணுக்குப் பாரம்தான் என்றார். பாதி டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு, 'ஊ' என்று குரல் கொடுத்தபடி ஊதச் சொல்வார். குமிழி சீராக வந்தால் மூச்சு சீராகப் போகிறது என்று அர்த்தம். விட்டு விட்டு வந்தால், சரி, முதலிலிருந்து ஆரம்பியுங்கள் என்பார். ஒரு நாள்கூட அவர் முகத்தில் சலிப்பைப் பார்த்ததில்லை.

அப்புறம் எங்கள் ஒளிபரப்புக் குழு. வீட்டில் உங்களுக்குக் கேட்பது ஒரே குரல். அந்தக் குரலுக்குரியவரின் காதில் இயக்குநர் அடுத்த காட்சியைச் சொல்லிக்கொண்டே இருப்பார், பக்கத்திலிருந்து புள்ளிவிவரக்காரர் துண்டுச் சீட்டை நகர்த்துவார். திரும்பி வந்த அன்று ஒலிப்பொறியாளர் என் ஹெட்போனில் கூட்டத்தின் இரைச்சலைக் குறைத்து, என் குரலைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். நம் குரல் நமக்கே நன்றாகக் கேட்டால் தொண்டை தானாக அடங்கிவிடும். நான் கேட்காமலே அவர் செய்தது அது. வழக்கமாக ஒருவர் ஒரு தடவைக்கு அரை மணி நேரம் பேசுவோம்; என் பங்கில் பாதியைச் சக வர்ணனையாளர்கள் தங்கள் மேல் போட்டுக்கொண்டார்கள்.

ஆடி முடித்தவருக்கு வர்ணனை தானாக வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பின்னாளில் வர்ணனையாளராகப் புகழ்பெற்ற ஆஸ்திரேலிய வீரர் ரிச்சி பெனாட் 1956 இல் இங்கிலாந்து சுற்றுப்பயணம் முடிந்த கையோடு பிபிசியில் தொலைக்காட்சிப் பயிற்சி எடுத்துக்கொண்டார். ஆஸ்திரேலிய அணியின் கேப்டன் ஆனதே அதற்குப் பிறகு, 1958 இல். டெஸ்டில் 248 விக்கெட் எடுத்தவரே உட்கார்ந்து கற்றுக்கொண்ட தொழில் இது. எனக்கு அந்தப் பயிற்சியைத் தந்தது நீங்கள்.

நான் வானொலிக்கு வந்த புதிதில் பார்வையற்ற நேயர் ஒருவர் எழுதினார்: "பிரமாதமான ஷாட்னு சொல்றீங்க, சந்தோஷம். பந்து எந்தப் பக்கம் போச்சு சார்? யார் துரத்துறாங்க?" அன்றிலிருந்து என் வரிசை அதுதான். முதலில் திசை, அடுத்து துரத்துபவர், பாராட்டெல்லாம் பந்து நின்ற பிறகு. அமெரிக்க பேஸ்பால் வர்ணனையாளர் ரெட் பார்பர், ஸ்கோரை அடிக்கடி சொல்ல நினைவூட்டுவதற்காக 3 நிமிட மணல் கடிகாரம் ஒன்றை வைத்திருந்தார். அதை எழுதித் தெரிவித்தவரும் இன்னொரு நேயர்தான். இப்போது என் மேசையிலும் ஒன்று இருக்கிறது.

நான் பேசக் கூடாமல் இருந்த நாட்களில், அந்தப் பார்வையற்ற நேயர் ஓர் ஒலிப்பதிவு அனுப்பினார். வானொலியில் கேட்ட ஆட்டத்தின் கடைசி ஓவரை அவரே எனக்காக வர்ணித்திருந்தார். "இத்தனை வருஷம் நீங்க சொன்னீங்க, இப்ப நான் சொல்றேன், கேளுங்க" என்று ஆரம்பித்தார். ஒவ்வொரு பந்துக்கும் திசை முதலில் வந்தது. இரண்டு கையாலும் உங்களை வணங்குகிறேன் ஐயா.

பயிற்சி இன்னும் தொடர்கிறது. நாளின் கடைசிப் பகுதியில் குரல் கம்மினால் மைக்கை அடுத்தவரிடம் கொடுத்துவிடுவேன். மைதான வாசலில் யாராவது கூப்பிட்டு நான் கையை மட்டும் அசைத்தால் தப்பாக நினைக்காதீர்கள். எது புரியவில்லை, எதை விட்டுவிட்டேன் என்று வழக்கம்போல எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் வர்ணனையாளர்