மார்ச் வரை மெஷின்தான், கண்ணு

குன்னூர்,
டிசம்பர் 7

அன்புள்ள கயல்,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதை அப்பாவிடம் அப்படியே ஒப்பித்தேன். "வெளியே ஒரே இருட்டும்மா. ஜிம்ல டிரெட்மில் மெஷின்ல ஓடறது ஜெயில்ல நடக்கற மாதிரி இருக்கு. ரெண்டும் வேண்டாம்னு விட்டுட்டேன்" என்றாய். அக்டோபர் கடைசி ஞாயிறு உங்கள் எடின்பரோவில் கடிகாரத்தைப் பின்னால் தள்ளி வைத்தார்களே, அதிலிருந்து ஓடவே இல்லை என்பதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டு, அடுத்து பெரியம்மா வீட்டுக் கல்யாணத்துக்குத் தாவிவிட்டாய். நான் தாவவில்லை. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். விசில் ஊதியே சம்பளம் வாங்கியவள் நான், இது கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

ஜெயில் என்றாயே, அதில் தப்பில்லை. இந்த மெஷினின் மூதாதை உங்கள் பிரிட்டன் ஜெயிலில்தான் பிறந்தது. 1818இல் வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர் கைதிகளுக்காக ஒரு பெரிய சக்கரம் செய்தார். சக்கரத்தைச் சுற்றிப் படிகள். வரிசையாக நின்று ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். படி காலுக்கடியில் இறங்கிக்கொண்டே இருக்கும். சில ஜெயில்களில் அந்தச் சக்கரம் தானியம் அரைத்தது, சிலவற்றில் எதற்கும் உதவாமல் சும்மா சுற்றியது. 1898 சிறைச் சட்டத்துக்குப் பிறகுதான் ஒழிந்தது. அந்தக் கைதிகளுக்குக் கிடைக்காத ஒன்று உனக்கு இருக்கிறது: சிவப்புப் பட்டன். பிடிக்கவில்லையா, அமுக்கிவிட்டு இறங்கி வீட்டுக்குப் போய் ரசம் வை. அதை வைத்துக்கொண்டு ஜெயில் என்று பேசாதே.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறது என்று நினைக்கிறாய்? விடிய ஆறரை ஆகிறது. ஊட்டியில் தலைக்குந்தா பக்கம் காலையில் புல்லெல்லாம் வெள்ளை. நமக்கு அந்த அளவு உறைபனி இல்லை, ஆனால் மூடுபனி இருக்கிறது, அதற்குள் காட்டெருமை இருக்கிறது. போன வருஷம் ஒருநாள் நம் ஊர் பெட்ஃபோர்டு பக்கம் இறங்கிக்கொண்டிருந்தேன். எதிரே வந்த பால்காரர் வண்டியை நிறுத்தி, லைட்டையும் அணைத்துவிட்டு, என்னைப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டினார். தேயிலைச் செடிகளுக்கு நடுவே எப்போதும் இருக்கும் பாறை என்று நான் நினைத்தது மூச்சு விட்டது. அது ரோட்டில் இறங்கியபோது, முழங்காலுக்குக் கீழே அந்த வெள்ளைக் கால்கள் தெரிந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. பின்னாலேயே இன்னும் இரண்டு, நடுவில் ஒரு கன்று. அவை கடந்து போகிறவரை நானும் பால்காரரும் அசையவில்லை. கரடி வேறு, கோயில் விளக்கு எண்ணெய்க்காக ஊருக்குள் வந்து போகிறது. ஐம்பத்தொன்பது வயசில் எனக்கு இந்த வீரமெல்லாம் தேவையில்லை. டிசம்பர் முதல் பிப்ரவரி முடிய உன் அறையில் இருக்கும் மெஷினில்தான் ஓடுகிறேன். உன் கட்டில் சுவரோரம் போய்விட்டது, கோபப்படாதே.

மெஷின் வந்த பிறகு முதல் வேலையாக டேபிள் ஃபேன் வாங்கப் போனேன். டிசம்பர் மாசம் குன்னூரில் ஃபேன் கேட்டதும் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆனால் அது இல்லாமல் முடியாது. வெளியே ஓடும்போது நம் வேகமே நமக்குக் காற்று. வேர்வை உடனே உலர்ந்து உடம்பைக் குளிரவைக்கிறது. மெஷினில் நாம் நின்ற இடத்திலேயே ஓடுகிறோம், காற்று நகராது, வேர்வை சொட்டுமே தவிர உலராது. உடம்பு சூடாகி இதயத்துடிப்பு ஏறுகிறது. "ரோட்டுல இதே வேகத்துக்கு எனக்கு இவ்வளவு இளைக்காதே" என்று நீ குறைப்பட்டது பெரும்பாலும் இதனால்தான். ஜிம்மில் ஃபேன் எங்கே சுற்றுகிறதோ அதற்கு எதிரே இருக்கும் மெஷினாகப் பார்த்து ஏறு. தண்ணீர் பாட்டில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

ஏறுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் இரண்டு காலும் ஓரக் கட்டையில். அந்தச் சிவப்புக் கயிற்றின் கிளிப்பைச் சட்டையில் மாட்டு. எல்லாரும் அதைத் தொங்கவிட்டுத்தான் ஓடுகிறார்கள், நீ மாட்டு. விழப்போனால் கயிறு இழுபட்டு பெல்ட் நிற்கும், அதற்குத்தான் அது. பெல்ட் மெதுவாக நகர ஆரம்பித்த பிறகு காலை வை. திரையில் வேகம் கிலோமீட்டரிலா மைலிலா என்று பார்த்துக்கொள். உங்கள் ஊரில் இரண்டும் உண்டு. ஒன்பது என்று நம்பி மைல் கணக்கில் ஒன்பது வைத்தால் பின்சுவரில்தான் போய் நிற்பாய். ஓடும்போது கைப்பிடியைப் பிடிக்காதே. பிடித்தால் உடம்பு எடையில் ஒரு பங்கைக் கம்பிதான் சுமக்கும், திரையில் வருகிற கலோரிக் கணக்கெல்லாம் பொய். இறங்கியதும் தரை நகர்கிற மாதிரி இருக்கும். அது சும்மா கண்ணும் காதும் சண்டை போடுவது, ஒரு நிமிஷத்தில் சரியாகிவிடும். எனக்கு இன்னொரு தொல்லை உண்டு, உனக்கு அது இல்லை. இங்கே கரண்ட் போனால் பெல்ட் நின்றுவிடும், நாம் நிற்க மாட்டோம். மாசாந்திரப் பராமரிப்பு என்று மின்வாரியம் சொல்கிற நாளில் நான் மெஷின் பக்கமே போவதில்லை.

இனி வேகம். உன்னைத் தோற்கடிப்பது இதுதான் என்று எனக்குத் தெரியும். ரோட்டில் கிலோமீட்டருக்கு ஆறரை நிமிஷத்தில் போகிறாய், அதாவது மணிக்கு 9 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. மெஷினில் முதல் நாளே அதை வைத்து ஓடி, பத்து நிமிஷத்தில் நாக்குத் தள்ளி, "இது எனக்கு ஆகாது" என்று இறங்கிவிட்டாய். ரோட்டில் உன் வேகத்தை யாரும் கெடுபிடியாக வைத்திருப்பதில்லை. மேட்டில் தானாகக் குறையும், நாயைப் பார்த்தால் குறையும், சிக்னலில் நிற்கும். மெஷின் உனக்கு அந்தச் சலுகையைத் தராது. 5இல் நடக்க ஆரம்பி. பத்து நிமிஷத்தில் மெல்ல 7க்குக் கொண்டு வா. பிறகு 8, அதற்கு மேல் இந்த மாசம் வேண்டாம். ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேச முடிகிறதா என்பதுதான் அளவு, திரை இல்லை. மொத்தம் முப்பத்தைந்து நிமிஷம், கடைசி ஐந்து நிமிஷம் நடை. வாரம் மூன்று நாள் போதும். ஒரு மணி நேரம் ஓடுகிறேன் என்று கிளம்பினால் இரண்டாவது வாரத்தில் வெறுத்துப்போய்விடும், என் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் பார்க்காததா.

யாரோ சொன்னார்கள், பெல்ட்டுக்கு எப்போதும் 1 சதவீத ஏற்றம் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது ஓட்டமே இல்லை என்று கேட்டாயே. அந்தக் கதைக்கு ஒரு மூலம் இருக்கிறது. 1996இல் ஆண்ட்ரூ ஜோன்ஸ், ஜொனாதன் டவுஸ்ட் என்ற இரண்டு பேர் பிரிட்டனில் அளந்து பார்த்தார்கள். மெஷினில் எதிர்காற்றைக் கிழிக்க வேண்டியதில்லை, அதனால் கொஞ்சம் சக்தி மிச்சம். 1 சதவீதம் ஏற்றினால் அது சரிக்கட்டப்படுகிறது என்றார்கள். ஆனால் அவர்கள் சோதித்தது நல்ல பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களை, மணிக்கு 10.5 முதல் 18 கிலோமீட்டர் வேகத்தில். வேகம் குறையக் குறைய எதிர்காற்றின் கணக்கும் தேய்ந்துவிடும். உன் 8க்கு அது ஒரு பொருட்டே இல்லை. பூஜ்யத்திலேயே ஓடு, யாரும் கேஸ் போட மாட்டார்கள்.

ஏற்றத்தை வேறு காரணத்துக்காக மாற்றச் சொல்வேன். நீ மலையில் நடந்து வளர்ந்தவள். வண்டிச்சோலையிலிருந்து சிம்ஸ் பார்க் வருவதற்குள் உன் காலுக்கு எத்தனை மேடு, எத்தனை பள்ளம். சமமான பெல்ட்டில் ஒவ்வொரு அடியும் ஒரே மாதிரி விழுவதால் ஒரே தசை, ஒரே மூட்டு, ஒரே இடத்தில் அடி வாங்குகிறது. மூன்று நிமிஷத்துக்கு ஒரு தரம் 2, பிறகு 4, பிறகு பூஜ்யம் என்று மாற்றிக்கொண்டே இரு. பொழுதும் போகும். இந்தச் சதவீதம் எல்லாம் எவ்வளவு என்று உனக்குப் பிடிபடவில்லை என்றால் நம் மலை ரயிலை நினைத்துக்கொள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறதே, அங்கே அதிகபட்ச ஏற்றம் ஏறக்குறைய 8 சதவீதம்தான். நீ 8ஐ அமுக்கினால் பல்சக்கரம் இல்லாமல் அந்த ஏற்றம் ஏறுகிறாய் என்று அர்த்தம்.

அப்பாவுக்குக் கோயம்புத்தூரில் டி.எம்.டி. டெஸ்ட் எடுத்தபோது, நெஞ்சில் வயரை ஒட்டி மெஷினில் ஏற்றினதும், "வேகமே இல்லையே, இதுக்கா காலையில பட்டினி போட்டீங்க" என்று டெக்னீஷியனிடம் பெருமையடித்தார். ராபர்ட் புரூஸ் என்ற அமெரிக்க இதய மருத்துவர் வகுத்த முறை அது. ஆரம்பமே மணிக்கு 2.7 கிலோமீட்டர், ஏற்றம் 10 சதவீதம். ரயிலை விடச் செங்குத்து! மூன்று நிமிஷத்துக்கு ஒரு தரம் வேகமும் கூடும், ஏற்றமும் கூடும். மூன்றாவது கட்டத்தில் அப்பாவின் பெருமையெல்லாம் அடங்கிவிட்டது. ரிப்போர்ட் நன்றாக வந்தது, கவலைப்படாதே. அதற்குப் பிறகு என் மெஷினை அவர் மரியாதையாகத்தான் பார்க்கிறார். துணி மட்டும் காயப்போடுகிறார்.

மெஷினில் கிடைக்காத ஒன்று இறக்கம். பெரும்பாலான மெஷின்கள் மேலே தூக்குமே தவிர கீழே சாயாது. இறக்கத்தில்தான் தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. பழக்கம் விட்டுப்போனால் அந்த வேலைக்குத்தான் முதலில் வலி வரும். ஆகவே மார்ச்சில் வெளியே போன முதல் வாரமே உங்கள் ஊர் ஆர்தர்ஸ் சீட் குன்று மேலே ஏறித் தடதடவென்று ஓடி இறங்காதே. இப்போதிருந்தே ஆபீஸில் லிஃப்டை விட்டுவிட்டுப் படியில் இறங்கு.

அடுத்தது வெளிச்சம். இதில் அப்பா தலையிட்டார். ஜியாகரபி வாத்தியார் ரிட்டயர் ஆனாலும் சும்மா இருப்பாரா. பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார்: டிசம்பர் 21ஆம் தேதி நடுப்பகலில் குன்னூரில் சூரியன் அடிவானத்திலிருந்து 55 டிகிரி உயரத்தில் இருக்கும், எடின்பரோவில் 11 டிகிரி கூட இருக்காது. உனக்குப் பகல் என்பதே அன்றைக்கு ஏழு மணி நேரம்தான், எட்டே முக்காலுக்கு விடிந்து மூன்றே முக்காலுக்குள் அஸ்தமனம். நீ இருட்டில் ஆபீஸ் போய் இருட்டில் திரும்புகிறாய், ஓட்டத்தையும் உள்ளே கொண்டுபோனால் வெயில் முகத்தில் படாமலே வாரம் போய்விடும். எனக்கு மெஷினை விட இதுதான் கவலை. சனி, ஞாயிறில் ஒரு நாள் பதினொன்றுக்கும் ஒரு மணிக்கும் நடுவில் வெளியே ஓடு, மழையோ மேகமோ. வானம் மூடிக் கிடந்தாலும் பகலில் வெளியே இருக்கும் வெளிச்சம் ஆபீஸ் லைட்டைப் போல் பல மடங்கு; தூக்கமும் மனசும் நேராக இருக்க அது வேண்டும். வைட்டமின் டி வாங்கினாயா? அவ்வளவு சாய்ந்த வெயிலில் தோல் அதைத் தயாரிக்காது. அக்டோபர் முதல் மார்ச் தொடக்கம் வரை தினம் 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ளலாம் என்று உங்கள் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ்.ஸே சொல்கிறது, நம் மாதிரி நிறக்காரர்கள் வருஷம் முழுக்க எடுப்பதை யோசிக்கச் சொல்கிறது. விலையும் அதிகமில்லை.

வெளியே போகிற அந்த ஒரு நாளும் முந்தின ராத்திரி வானம் தெளிவாக இருந்ததா என்று பார்த்துக்கொள். மேகம் இல்லாத ராத்திரியில் தரையின் சூடெல்லாம் மேலே போய்விடும். குளிர்ந்த காற்று கனம் கூடிப் பள்ளத்தில் இறங்கித் தேங்கும். ஊட்டியில் மேட்டை விட்டுவிட்டுப் பள்ளத்துப் புல்வெளியில் உறைபனி விழுவது அதனால்தான். உன் ஊரிலும் பள்ளமான பாதை, பாலம், நிழல் விழும் திருப்பம், இங்கேயெல்லாம் கண்ணாடி மாதிரி ஐஸ் கண்ணுக்கே தெரியாமல் கிடக்கும். சந்தேகமாக இருந்தால் நட. நடந்தால் குறைந்தா போய்விடுவாய்?

பொழுதுபோகவில்லை என்று போனைக் கண்ணெதிரே நிறுத்தி சீரியல் பார்க்காதே. தலை தொங்கும், கழுத்து பிடிக்கும், கால் கோணலாக விழும். காதில் எதையாவது கேள். நான் ரேடியோ போட்டுவிடுவேன். செய்தி முடிந்தால் என் ஓட்டமும் முடிந்தது.

திங்கட்கிழமையே ஜிம்மில் போய்ச் சேர்ந்துவிடு. மூன்று மாச சந்தா போதும், வருஷ சந்தாவில் தள்ளுபடி என்று ஆசை காட்டுவார்கள், மயங்காதே. செந்தில் அண்ணன் பொங்கல் முடிந்து லண்டன் வருகிறான். வர்க்கியும், நீலகிரித் தைலமும், உனக்குப் பின்னி வைத்த குல்லாவும் கொடுத்தனுப்புகிறேன். குல்லா சனிக்கிழமை ஓட்டத்துக்கு, ஜிம்முக்கு இல்லை. வேறு ஏதாவது வேண்டுமென்றால் ஜனவரி பத்தாம் தேதிக்குள் சொல், அவன் பெட்டியில் இடம் கேட்டு வைக்க வேண்டும்.

ஜிம்முக்கு மாசம் எவ்வளவு என்று அப்பா கேட்கச் சொன்னார். எவ்வளவு நச்சரித்தாலும் சொல்லாதே. பவுண்டை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு ராத்திரியெல்லாம் புரண்டுகொண்டிருப்பார், என் தூக்கமும் கெடும்.

அன்புடன்,
அம்மா