பதிலுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்ட சகோதரிக்கு

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். நாங்கள் உங்களோடு சேர்ந்து கட்டப்போகும் உங்கள் வீட்டுக்காக மனையை அளந்து முளைக்குச்சி அடித்த அன்று, எல்லாரும் கிளம்பிய பிறகு என்னிடம் ஒன்று கேட்டீர்கள். "இவ்வளவும் செய்கிறீர்களே, பதிலுக்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" நான் "ஒன்றும் வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அது சரியான பதில் இல்லை என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. எங்கள் லாட்ஜ், அதாவது ஃப்ரீமேசன் என்ற சகோதரத்துவச் சங்கத்தின் கிளை, அதன் சகோதரர்களும் படிக்க வேண்டும் என்பதால், உங்கள் பெயரைச் சொல்லாமல் பொதுவில் எழுதுகிறேன்.

லாட்ஜ் என்றால் தங்கும் விடுதி என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஐரோப்பாவில் பெரிய தேவாலயங்களைக் கட்டிய கல்தச்சர்கள், வேலை நடக்கும் இடத்திலேயே ஒரு கொட்டகை போட்டுக்கொள்வார்கள். கருவிகளை வைக்க, மழைக்கு ஒதுங்க, உட்கார்ந்து பேச. அந்தக் கொட்டகைக்குத்தான் லாட்ஜ் என்று பெயர். பிறகு கல்லைத் தொடாதவர்களும் சேர்ந்தார்கள். 1717இல் லண்டனில் நான்கு லாட்ஜுகள் சேர்ந்து ஒரு தலைமை லாட்ஜை அமைத்தன என்பது ஃப்ரீமேசன்கள் மரபாகச் சொல்லும் கணக்கு. இன்றும் எங்களிடம் மூலைமட்டம், ரசமட்டம், தூக்குக்குண்டு எல்லாம் உண்டு, ஆனால் வெறும் அடையாளங்களாக. ரசமட்டம் என்றால் எல்லாரும் சமம், தூக்குக்குண்டு என்றால் நிமிர்ந்த நடத்தை என்று வருடக்கணக்காகப் பேசியிருக்கிறேன். நிஜமான ஒரு சுவரில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது ஆடி ஆடி அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது, நாங்கள் முதல் வீடு கட்டியபோதுதான். கையில் சாந்து படாமல் இத்தனை நாள் என்ன பேசினோம் என்று அன்று தோன்றியது. எங்களுக்கும் இந்த வேலை தேவை, சகோதரி.

நீங்களோ உங்கள் கணவரோ எங்களோடு சேர வேண்டுமா என்ற சந்தேகம் இருந்தால், வேண்டாம். யாரையும் வற்புறுத்திச் சேர்ப்பது எங்கள் வழக்கமே இல்லை.

அப்புறம், இது தானமும் இல்லை. 1976இல் மில்லார்ட் ஃபுல்லரும் லிண்டா ஃபுல்லரும் ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி என்ற வீடு கட்டும் தொண்டு அமைப்பைத் தொடங்கியபோது வைத்த ஏற்பாடு இதுதான்: குடும்பமும் கட்டட வேலையில் உழைக்க வேண்டும், வீட்டுக்கான தொகையை வட்டியில்லாமல் தவணையில் கட்ட வேண்டும், அந்தப் பணம் அடுத்த குடும்பத்தின் வீட்டுக்குப் போகும். நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தமும் இந்த வழியில் வந்ததுதான். ஆகவே நீங்கள் கட்டப்போகும் ஒவ்வொரு தவணையிலும், இன்னும் நமக்கு முகம் தெரியாத ஒரு குடும்பத்தின் செங்கல் இருக்கிறது. எங்களுக்குச் செய்ய வேண்டிய பதில் என்று தனியாக எதுவும் மிச்சமில்லை.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். முன்பு ஒரு வீட்டின் சாவியைக் கொடுத்த நாளில், நாங்கள் வரிசையாக நின்று படம் எடுத்தோம். அந்த வீட்டுச் சிறுமி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். நாங்கள் அவளை முன்னால் இழுத்து நிறுத்தினோம். நானும்தான். அந்த முகம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. உங்கள் வீட்டு வாசலில் எங்கள் பெயர்ப்பலகை வேண்டாம் என்றால் இருக்காது. படமும் அப்படித்தான்.

மின்சார வேலையும் குழாய் வேலையும் உரிமம் பெற்றவர்கள் செய்வார்கள்; அதில் நாங்கள் கைவைக்க மாட்டோம். மற்றதில் எங்களில் பலர் கற்றுக்குட்டிகள். பூச்சு பிசகினால் மேற்பார்வையாளர் உரித்துவிட்டு மறுபடி பூசச் சொல்வார், பூசுவோம். உங்கள் கண்ணில் ஏதாவது கோணலாகப் பட்டாலும் தயங்காமல் சொல்லுங்கள். குடியிருக்கப்போவது நீங்கள்.

பெரியவனுக்குச் சுத்தியல் பிடிக்க ஆசை என்று தெரியும். பதினாறு வயது ஆகாதவர்களை வேலை நடக்கும்போது உள்ளே விடுவதில்லை என்று வைத்திருக்கிறோம், அவனிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள். அவன் அறையின் நிறத்தை அவனே தேர்ந்தெடுக்கட்டும்.

சனிக்கிழமை கனமான அடிப்பாகம் உள்ள காலணி போட்டு வாருங்கள். சமையலறை ஜன்னலை வரைபடத்தில் பின்பக்கம் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் விளையாடும் பக்கம் பார்த்தபடி இருந்தால் நல்லது என்று நீங்கள் மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது. சுவர் எழுவதற்கு முன் மாற்றிவிடலாம். அன்று காலையிலேயே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மனையில் முளைக்குச்சி அடித்தவர்களில் ஒருவன்