கவிதாவின் ப்ராஜெக்ட் பற்றி

அன்புள்ள பாஸ்கர்,

உன் மெயில் வந்து நாளாச்சு, பதில் போடத்தான் நேரம் வாய்க்கவில்லை. மும்பையில் விடாத மழை, வீட்டில் பெயின்ட் வேலை வேறு. நம்ம கவிதா எம்.பி.ஏ. ப்ராஜெக்டுக்கு விமான நிலையங்களின் செயல்திறனை எடுத்திருப்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் நீ அனுப்பிய அட்டவணையில் முதல் கட்டமே இடிக்கிறது. ஓர் ஊழியருக்கு எத்தனை பயணிகள் என்று வகுத்து, அதை வைத்தே ரேங்க் போட்டிருக்கிறாள்.

பெட்டி ஏற்றுவது, துப்புரவு எல்லாவற்றையும் கான்ட்ராக்டுக்கு விட்டுவிட்ட நிலையத்தின் சம்பளப் பட்டியலில் ஆளே இருக்க மாட்டார்கள், அதனால் அது சூரப்புலி மாதிரித் தெரியும். ஃபிராங்க்ஃபர்ட்டில் அப்படியில்லை, நிலையத்தை நடத்தும் ஃபிராபோர்ட் குழுமமே பெட்டி ஏற்றுவது போன்ற தரைப்பணியையும் பார்ப்பதால் காகிதத்தில் ஆள் அதிகம். தலையை எண்ணாமல், சம்பளத்தோடு வெளியே கொடுக்கிற கூலியையும் சேர்த்துச் செலவாக எடுக்கச் சொல்.

அடுத்தது ரன்வே. மும்பைக்கு 2 என்று போட்டிருக்கிறாள். இருப்பது இரண்டுதான், ஆனால் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன, ஒரே நேரத்தில் இரண்டிலும் ஓட்ட முடியாது, ஆகவே கணக்குக்கு அது ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டுதான் 2018 டிசம்பர் 8 அன்று ஒரே நாளில் 1,007 விமானங்களைக் கையாண்டார்கள்! இதெல்லாம் நொடிக்கணக்கில் நடக்கிற வேலை. இறங்கிய விமானம் சாய்வாகப் பிரியும் பாதையில் வேகத்தை ரொம்பக் குறைக்காமல் சட்டென்று வெளியேற வேண்டும், அதைத் தவறவிட்டு அடுத்த வழி வரைக்கும் உருண்டு போனால் பின்னால் வருகிறவர் இறங்காமல் மறுபடி மேலே ஏறிச் சுற்றிவர வேண்டியதாகிவிடும். பெரிய விமானத்துக்குப் பின்னால் சின்னது வந்தால் காற்றுச்சுழலுக்குப் பயந்து இடைவெளியைக் கூட்டுவார்கள், ஆகவே எந்த அளவு விமானங்கள் வருகின்றன என்பதே உற்பத்தித்திறனைத் தீர்மானிக்கும். இதில் நிர்வாகியின் சாமர்த்தியம் பாதிகூட இல்லை.

லண்டனையே பார். 2019-இல் கேட்விக் ஒரே ரன்வேயில் 4.6 கோடிப் பேரை அனுப்பியது, ஹீத்ரோ இரண்டில் 8 கோடி. வகுத்தால் கேட்விக் ஜெயிக்கும். ஹீத்ரோவுக்கு ஆண்டுக்கு 4,80,000 விமானங்களுக்கு மேல் கூடாது என்று உச்சவரம்பு இருக்கிறதே, அதை எந்தக் கட்டத்தில் எழுதுவாள்?

அப்புறம், அவள் சொல்லும் டிஇஏ முறை, அதாவது போடுகிற செலவு, கிடைக்கிற பலன் என்று பல காரணிகளைச் சேர்த்து நிலையங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு மார்க் போடும் கணக்கு, 1978-இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் கொண்டுவந்தது, நல்ல கருவிதான். ஆனால் பத்துப் பன்னிரண்டு நிலையங்களுக்கு எட்டுக் காரணிகளைத் திணித்தால் முக்கால்வாசிப் பேர் நூற்றுக்கு நூறு வாங்கிவிடுவார்கள். காரணிகளைக் குறைக்கச் சொல். சந்தேகம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு போன் பண்ணட்டும்.

சரி, உன் முழங்காலைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே, டாக்டர் என்னதான் சொன்னார்?

அன்புடன்,
ரவி