பானத்துக்கு எதற்கு அடைமொழி?

ஆசிரியருக்கு, அமெரிக்காவில் ‘ஸ்லைஸ்’ சோடா மீண்டும் விற்பனைக்கு வந்திருப்பது குறித்த செய்தியைப் படித்தேன். நம் ஊர் மாம்பழ ஸ்லைஸ் அல்ல இது. 1984-இல் பெப்சிகோ அங்கே அறிமுகப்படுத்திய, பழச்சாறு கலந்த சோடா. இப்போது வேறொரு நிறுவனத்தின் கையில், சர்க்கரை குறைந்து, நார்ச்சத்து சேர்ந்து வந்திருக்கிறது. அதைத் தங்கள் செய்தி ‘ஆரோக்கிய பானம்’ என்று அழைப்பதுதான் உறுத்துகிறது. 355 மில்லி கோலாவில் ஏறத்தாழ 39 கிராம் சர்க்கரை இருக்கும்போது இதில் ஐந்து கிராம்தான் என்பது நல்ல செய்தியே. ஆனால், தீமை குறைந்தது வேறு, நன்மை தருவது வேறு.

நியூஜெர்சியில் மகள் வீட்டில் ஆரஞ்சுச் சுவையைக் குடித்துப் பார்த்தேன். திகட்டாத இனிப்பு, பிடித்திருந்தது. ஆனால் நாளுக்கு ஒரு சோடாவுக்கே கெஞ்ச வேண்டியிருந்த பேரன், ‘இது உடம்புக்கு நல்லதுதானே’ என்று மூன்றாவது டின்னைத் திறந்தான்; யாரும் தடுக்கவில்லை. ‘ஆரோக்கிய பானம்’ என்பதற்கு நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரையறையே இல்லை என்று கூறி, இணைய வணிகத் தளங்கள் அப்பெயரைக் கைவிட வேண்டும் என மத்திய அரசு 2024 ஏப்ரலில் அறிவுறுத்தியது. நாளிதழ்களும் அந்த அடைமொழியை விடுத்து, சர்க்கரை எத்தனை கிராம் என்பதை மட்டும் அச்சிடலாம்.

– வாசகர், கும்பகோணம்