அண்ணே, அந்தப் புள்ளிக்கோடு காலியாத்தான் இருந்துச்சு

அண்ணே,

இன்னிக்கு கார்த்திகை ஒண்ணு. காலைல நாலரைக்கே தெருமுனை கோயில்ல குழாய் போட்டுட்டாங்க, மூணாவது பாட்டு நம்ம பாட்டு, நீங்க எழுதி மெட்டு போட்ட ஐயப்பன் பாட்டு. நம்ம பாட்டுன்னு சொல்ல எனக்கு உரிமை இருக்கான்னு தெரியல, ஆனா வாயில அப்படித்தான் வருது. லைட்டைக் கூட போடாம பாட்டு முடியுற வரைக்கும் கட்டில்ல உக்காந்திருந்தேன். முடிஞ்சதும் பீரோவைத் திறந்து அந்த பழுப்பு கவரை எடுத்து மேஜை மேல வச்சேன். எத்தனையோ வருஷமா எடுக்கணும் எடுக்கணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தது, இன்னிக்குத்தான் கை போச்சு.

நீங்க என் நம்பரைப் பார்த்தாலே கட் பண்ணிருவீங்க. உங்க பையன் எடுத்தான். ஞாயித்துக்கிழமை சென்னை வரேன்னு சொல்லிருக்கான், அவன் கையில குடுத்துருவேன். அப்புறம் எதுக்கு ஊரே பாக்குற மாதிரி இங்க எழுதுறேன்னு கேப்பீங்க. 2005ல எங்க ஆபீஸ் ரிசப்ஷன்ல நாலு பேர் முன்னாடி உங்ககிட்ட பொய் சொன்னேன் இல்லையா, அந்தப் பொய்யை ஒட்டுன கவருக்குள்ள வச்சு திருப்பித் தர்றது சரியில்லன்னு தோணுச்சு.

நான் வேலை பார்த்த கேசட் கம்பெனி பேரை எழுத மாட்டேன். படிக்கிற பழைய ஆளுங்க சில பேருக்கு தெரியும், அவங்களும் வெளிய சொல்ல வேணாம்னு கேட்டுக்குறேன். கேட்டலாக், அதாவது கம்பெனி போட்ட பாட்டு மொத்தமும், இப்ப வேற கைக்குப் போயிருச்சு, ரிட்டயர் ஆகுறப்போ நானும் சில பேப்பர்ல கையெழுத்து போட்டிருக்கேன். அதனால சில எடத்துல நான் சுத்தி வளச்சுத்தான் பேசுவேன். உங்களுக்குப் புரியும்.

நாம எப்படி பழகுனோம், செல்லூர் வீட்ல மதினி கையால எத்தனை தடவை அயிரை மீன் குழம்பு சாப்பிட்டேன், அதெல்லாம் எழுதப் போறதில்ல. அந்த ஒரு மத்தியானத்தை மட்டும் எழுதுறேன்.

1997, புரட்டாசி கடைசி. நல்ல மழை. வடபழனில ரெக்கார்டிங் முடிச்சுட்டு நேரா ஆபீஸ் வந்தீங்க, சட்டை முதுகோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, பாட்டு நோட்டு மட்டும் ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பைக்குள்ள ஒரு சொட்டு படாம இருந்துச்சு. டீ சொன்னேன். வவுச்சரை நீட்டுனேன், ஏழாயிரம் ரூபா, எட்டு பாட்டுக்கு, வரியும் மெட்டும் சேத்து. ரெவென்யூ ஸ்டாம்பை நாக்குல தொட்டு ஒட்டுனீங்க, தலைகீழா ஒட்டிட்டீங்க, ஐயய்யோன்னு சொல்லி பிச்சு எடுக்கப் பார்த்தீங்க, நான் பரவால்ல அண்ணேன்னேன். அப்புறம் பாட்டு உரிமையை கம்பெனிக்கு எழுதிக் குடுக்குற அந்த ஃபாரம். ஒரே தாள், இங்கிலீஷ், கார்பன் வச்சு ரெண்டு காப்பி. எல்.பி. தட்டு காலத்துல யாரோ அடிச்ச மேட்டரை அப்படியே திரும்பத் திரும்ப டைப் அடிச்சு வச்சிருந்தோம். அதுல எத்தனை வருஷத்துக்குங்கிற எடத்துல புள்ளி புள்ளியா ஒரு கோடு.

நீங்க படிக்காம கையெழுத்து போட்டதா ஊர்ல ஒரு பேச்சு இருக்கு. அதை நானே சில பேர்கிட்ட சொல்லியும் இருக்கேன், மன்னிச்சுக்குங்க. நீங்க கேட்டீங்க அண்ணே. பேனாவைத் திறந்து வச்சுக்கிட்டு அந்தக் கோட்டு மேல விரலை வச்சு, "தம்பி இது என்ன, காலியா இருக்கு, எத்தனை வருஷத்துக்கு?"ன்னு கேட்டீங்க. நான் "அது ஃபார்மாலிட்டிண்ணே"ன்னேன். அவ்வளவுதான். நீங்க தலையாட்டிட்டு கையெழுத்து போட்டுட்டு, டீயில பாதியை சாசர்ல ஊத்தி ஆத்திக் குடிச்சீங்க. கீழ சாட்சின்னு இருந்த எடத்துல நான் போட்டேன்.

அந்த நிமிஷம் நான் ஏமாத்தணும்னு நெனச்சு சொல்லல. இதை நம்புங்க, நம்பாட்டியும் போங்க. காலியா விட்டா காலத்துக்கும்னு அர்த்தம்னு எங்க எம்.டி. சொல்லுவாரு, நானும் அப்படித்தான் நெனச்சேன். 85ல சேல்ஸ் ரெப்பா சேர்ந்தவன் நான், தோள்ல கேசட் பையை மாட்டிக்கிட்டு திண்டுக்கல், பழனி, தேனி, கம்பம்னு டவுன் பஸ்ல அலைஞ்சவன், எனக்கு என்ன சட்டம் தெரியும்? எச்.எம்.வி. ரெக்கார்டு கம்பெனி மாதிரி கல்கத்தா டம்டம்ல பெரிய ஃபேக்டரி இருந்தாத்தான் பாட்டு விக்க முடியும்ங்கிற காலம் போய், ரெண்டு டூப்ளிகேட்டிங் மிஷினும் நாலு மூட்டை காலி கேசட் ஷெல்லும் இருந்தா அவனும் கம்பெனின்னு ஆன காலம் அது. சினிமா பாட்டுக்கு முதல் உரிமை படத் தயாரிப்பாளருக்குத்தான்னு 1977ல சுப்ரீம் கோர்ட் சொன்னதை எல்லாரும் கெட்டியா புடிச்சுக்கிட்டு, சினிமாவே இல்லாத பக்திப் பாட்டுக்கும் அதே மாதிரி மொத்தமா எழுதி வாங்குனாங்க. நானும் வாங்குனேன். பத்து கேசட் போட்டா ஒண்ணோ ரெண்டோதான் ஓடும், மிச்சம் எல்லாம் ரிட்டர்ன் வந்து குடோன்ல கெடக்கும், அந்த நஷ்டத்துல எந்த மியூசிக் டைரக்டராவது பங்கு குடுத்தாரா? இந்தக் கேள்வியை எத்தனை கூட்டத்துல கேட்டிருக்கேன் தெரியுமா. இன்னிக்கும் அதுல கொஞ்சம் நியாயம் இருக்குன்னுதான் நெனைக்கிறேன்.

ஆனா உங்க கேசட் ஓடுச்சே. அந்தக் கார்த்திகைல சபரிமலை போற வேன் நின்ன எடமெல்லாம் ஓடுச்சு. சிவகாசில இன்லே கார்டு, கேசட் டப்பாக்குள்ள வைக்கிற அட்டை, மூணு தடவை அடிச்சோம், நாலாவது தடவைக்கு அட்டை கெடைக்காம மெல்லிசு பேப்பர்ல அடிச்சோம். மகரஜோதி முடியுற வரைக்கும் மிஷினை நிறுத்தல. அந்த வருஷ போனஸ்லதான் நான் டிவிஎஸ் வண்டி வாங்குனேன். உங்களுக்கு வேட்டி சட்டை எடுத்துட்டு வந்தேன். அதை நீங்க கண்ணுல ஒத்திக்கிட்டது எனக்கு இப்ப ஞாபகம் வந்தா சோறு எறங்க மாட்டேங்குது.

சரி, அதையும் சொல்லிர்றேன். அடுத்த ஆடிக்கே அதே மெட்டை அம்மன் பாட்டாக்கி இன்னொரு கம்பெனிக்கு குடுத்தீங்களே, அது நியாயமா? எம்.டி. என்னைக் கூப்பிட்டு ஸ்டாஃப் எல்லார் முன்னாடியும் கிழிச்சாரு. நோட்டீஸ் அனுப்புன்னாரு. நான்தான் அது நாட்டுப்புற மெட்டு சார், யாருக்கும் சொந்தமில்ல, கேஸ் நிக்காதுன்னு சொல்லி உங்களைக் காப்பாத்துனேன். நான் சொன்ன அந்த வார்த்தையே பின்னாடி உங்களுக்கு எதிரா திரும்பும்னு அப்ப எனக்குத் தெரியல. அதை கீழ சொல்றேன்.

2003ல ரிங்டோனுக்கு லைசன்ஸ் கேட்டு ஆளுங்க வந்தாங்க. வந்தவங்க பேப்பர் சரியா இருக்கான்னு பாக்கணும்னாங்க, எங்க வக்கீல் ஒரு வாரம் உக்காந்து பழைய ஃபைலை எல்லாம் பொரட்டுனாரு. காப்பிரைட் சட்டத்துல 1995 மே மாசத்துல இருந்து ஒரு திருத்தம் அமலுக்கு வந்திருக்காம். அதுக்கு அப்புறம் போட்ட ஒப்பந்தத்துல வருஷம் எழுதலன்னா அஞ்சே வருஷம்தான் செல்லும். எந்த ஊருக்குன்னு எழுதலன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்தான். நாம மலேசியா, சிங்கப்பூர்னு அனுப்புனதெல்லாம் எந்தக் கணக்குல வரும்னு கேட்டேன், அவர் மூக்குக்கண்ணாடியைக் கழட்டி தொடைச்சாரே தவிர பதில் சொல்லல. ரெக்கார்டிங் கம்பெனியோடது, காசு போட்டது கம்பெனி, அதுல எனக்கு இன்னிக்கும் மாத்துக் கருத்து இல்ல. ஆனா வரியும் மெட்டும் 2002லயே உங்க கைக்குத் திரும்பி வந்திருச்சு அண்ணே. உங்களுக்கே தெரியாம.

எனக்குத் தெரியும். அன்னிலேர்ந்து எனக்குத் தெரியும்.

2005ல நீங்க வந்தீங்க. யாரோ ஒருத்தர் போன்ல காலர் டியூனா உங்க பாட்டு கேட்டிருக்கு, அந்த ஆள் மாசம் முப்பது ரூபா கட்டுறேன்னு சொல்லிருக்காரு, அதைக் கேட்டுட்டு மதுரைல இருந்து ராத்திரி பஸ் ஏறி வந்துட்டீங்க. சண்டை போடத்தான் வந்திருக்கீங்கன்னு நெனச்சு மனசைக் கல்லாக்கிக்கிட்டு வெளிய வந்தேன். நீங்க காசைப் பத்தியே பேசல. "அதுல என் பேரு வருமா தம்பி?"ன்னு கேட்டீங்க. நான், "எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டீங்கண்ணே, இனிமே அதுல உங்களுக்கு ஒண்ணுமே இல்ல"ன்னேன். சத்தமா சொன்னேன். எம்.டி. ரூம் கதவு தெறந்திருந்துச்சு, அவர் காதுல விழணும்னே சொன்னேன். அப்புறம் மூவாயிரம் ரூபாய்க்கு ஒரு செக்கும், ஆட்சேபணை இல்லைன்னு ஒரு கடுதாசியும் நீட்டுனேன். நீங்க ரெண்டையும் பாத்துட்டு, "எனக்கு ஒண்ணுமே இல்லன்னா இதுல எதுக்குப்பா என் கையெழுத்து?"ன்னு கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டீங்க. அதே மாதிரி ஃபாரம் போட்டிருந்த மத்த பாட்டுக்காரங்க அத்தனை பேரும் வாங்கிக்கிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் வாங்கல.

எனக்கு அப்ப பொண்ணு ஏழாவது படிக்குது, வீட்டு லோன் ஓடுது. பர்மா பஜார்ல ஒரே எம்பி3 சிடில நூத்தம்பது பாட்டு விக்கிறான், கேசட் மிஷினை எடைக்குப் போட்டாச்சு, ஸ்டாஃப்ல பாதி பேரை அனுப்பியாச்சு, மிச்சம் இருந்தவங்க சம்பளமே காலர் டியூன்லதான் வந்துச்சு. 2011ல போன் கம்பெனிகளைக் கட்டுப்படுத்துற ட்ராய் வந்து கஸ்டமர்கிட்ட ரெண்டு தடவை சம்மதம் கேக்கணும்னதும் அதுவும் படுத்துருச்சு. இதெல்லாம் காரணம். காரணம்தான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அதுக்காக உங்களை ரிசப்ஷன்ல நிக்க வச்சு அப்படி பேசிருக்க வேண்டியதில்ல.

நீங்களும் பேசுனீங்க. டவுன்ஹால் ரோட்ல அந்தக் கடைத் திறப்புக்கு வந்த டீலருங்க எல்லார் முன்னாடியும் என்னைக் காட்டி, என் சோத்துல மண்ணு அள்ளிப் போட்டவன்னு சொன்னீங்க. பொண்ணு கல்யாணத்துக்கு நானும் என் வீட்டுக்காரியும் நேர்ல வந்து தாம்பூலத் தட்டோட பத்திரிகை வச்சோம், வாங்கி டிவி மேல வச்சுட்டு டிவியைப் பார்த்துக்கிட்டே இருந்தீங்க. மதினி மட்டும் வாசல் வரைக்கும் வந்துச்சு. கல்யாணத்துக்கு நீங்க வரல, எங்க அம்மா செத்ததுக்கும் வரல. எங்க அம்மா உங்களுக்கு என்ன பண்ணுச்சு? உங்க பாட்டைக் கேட்டுக்கிட்டே பூ கட்டுன கிழவி அது.

இப்ப கஷ்டமான விஷயம். இது உங்களுக்குத் தெரியாது.

2013ல கேட்டலாக் மொத்தத்தையும் ஆன்லைன்ல ஏத்துறதுக்கு எக்செல் ஷீட் ஒண்ணு குடுத்தாங்க. பாட்டு பேரு, பாடுனவர், எழுதுனவர், மெட்டு போட்டவர்னு வரிசையா கட்டம். அதுக்கு முந்துன வருஷம்தான் சட்டத்தை மறுபடி திருத்தி, எழுதுனவருக்கும் மெட்டு போட்டவருக்கும் வர்ற ராயல்டி பங்கை கம்பெனிக்காரன் எழுதி வாங்கவே முடியாதுன்னு ஆக்கிருந்தாங்க. அதனால அந்த ரெண்டு கட்டத்துக்கும் திடீர்னு மதிப்பு வந்துருச்சு. உங்க எட்டு பாட்டு வந்தப்போ மேல கேட்டேன். "நீதானே அன்னிக்கு நாட்டுப்புற மெட்டு, யாருக்கும் சொந்தமில்லன்னு சொன்னே"ன்னாங்க. ரெண்டு கட்டத்துலயும் டிரெடிஷனல்னு போட்டேன். வேற யாரும் இல்ல, நான்தான் டைப் அடிச்சேன். முதல் வரிசைல அடிச்சுட்டு மவுஸைப் புடிச்சு கீழ இழுத்தேன், எட்டு வரிசையும் ஒரே இழுப்புல நெறைஞ்சிருச்சு. கேசட் அட்டைலயாவது பொடி எழுத்துல உங்க பேர் இருந்துச்சு. இன்னிக்கு எந்த ஆப்ல போய் பார்த்தாலும் அந்தப் பாட்டுக்கு அப்பன் பேரு இல்ல. நீங்க என்கிட்ட கேட்டது பேர் ஒண்ணைத்தான்.

மன்னிச்சுருங்கன்னு கேக்க வாய் வரல. கேட்டா நீங்க மன்னிச்சிருவீங்களோன்னும் பயமா இருக்கு, உங்க சுபாவம் அப்படி.

ஞாயித்துக்கிழமை பையன்கிட்ட குடுக்குற கவர்ல அந்த ஒப்பந்தத்தோட கார்பன் காப்பி இருக்கு. புள்ளிக்கோடு காலியாவே இருக்கு, யாரும் எதுவும் எழுதல. வவுச்சர் ஜெராக்ஸ் இருக்கு, தலைகீழ் ஸ்டாம்போட. உங்க பேர் அச்சடிச்ச இன்லே கார்டு ரெண்டு வச்சிருக்கேன், ஒண்ணு முதல் பிரிண்ட், இன்னொண்ணு அந்த மெல்லிசு பேப்பர். சாட்சி கையெழுத்து என்னோடதுதான்னும், பாட்டு உங்களோடதுதான்னும் நோட்டரி முன்னாடி எழுதிக் குடுத்த அஃபிடவிட் ஒண்ணு இருக்கு. நான் வக்கீல் இல்ல, பையனை நல்ல வக்கீலா பார்த்து காட்டச் சொல்லுங்க. பாட்டு எழுதுனவங்களுக்கும் மெட்டு போட்டவங்களுக்கும் ராயல்டி வாங்கித் தர்ற சங்கம் ஐ.பி.ஆர்.எஸ்., அதுல உங்க பேரை மெம்பரா பதியச் சொல்லுங்க, எட்டு பாட்டையும் தனித்தனியா பதியணும், மொத்தமா ஆல்பம் பேரை மட்டும் குடுத்தா போதாது. கோர்ட்டுக்குப் போற மாதிரி ஆனா நான் வருவேன். யார் என்ன சொன்னாலும் வருவேன்.

இன்னொரு தாளும் அதுல இருக்கு. உங்க நோட்டுல இருந்து நான் கிழிச்சது. ஏ சைடு முப்பது நிமிஷத்தைத் தாண்டுதுன்னு மூணாவது சரணத்தை தூக்கச் சொன்னேனே, அந்தப் பக்கம். குறுக்க போட்ட பென்சில் கோடு என்னோடது. அழிக்கப் பார்த்தேன், தாள் நைஞ்சு போயிருக்கு, கிழிஞ்சிரும்னு விட்டுட்டேன். வரி நல்லா தெரியுது.