நண்பன் சேகருக்கு, ஒரு கௌபாய் படம் பற்றி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து நடக்கவும் ஆரம்பித்துவிட்டாய் என்று படித்த பிறகுதான் நிம்மதி. வலித்தாலும் பிசியோதெரபியை விட்டுவிடாதே. இங்கே எல்லோரும் நலம். மகளுக்குக் கோவையில் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் கிளம்புகிறாள்.

உட்கார்ந்தபடி பார்க்க நல்ல கௌபாய் படம் ஒன்று சொல் என்று கேட்டிருந்தாய். 'ஸ்கின் கேம்' பார். 1971இல் வந்தது. ஜேம்ஸ் கார்னரும் லூயிஸ் காஸெட் ஜூனியரும் நடித்தது. இதில் துப்பாக்கியைவிட வாய்தான் அதிகம் வேலை செய்யும்.

அமெரிக்க உள்நாட்டுப் போருக்குச் சில வருடங்கள் முந்தைய கதை. குவின்சி (கார்னர்) வெள்ளைக்காரன். ஜேசன் (காஸெட்) நியூ ஜெர்சியில் சுதந்திர மனிதனாகப் பிறந்த கறுப்பினத்தவன், நன்றாகப் படித்தவன். இருவரும் ஊர் ஊராகப் போவார்கள். குவின்சி, ஜேசனைத் தன் 'அடிமை' என்று சொல்லி விற்பான். பணம் கைக்கு வந்ததும் ஜேசனைத் தப்பிக்க வைப்பான். ஆளுக்குப் பாதி, அப்புறம் அடுத்த ஊர். ஏமாறுகிறவர்கள் மனிதர்களை விலைக்கு வாங்க வந்தவர்கள் என்பதால், நாம் கூசாமல் சிரிக்கலாம்.

ஆனால் போகப் போக எனக்கு ஜேசன்மேல்தான் கண். பங்கு சமம், ஆபத்து சமமில்லை. மாட்டினால் குவின்சிக்கு ஜெயில், ஜேசனுக்கோ ஆயுள் முழுக்க அடிமை வாழ்க்கை. அன்றைய சட்டமே அப்படித்தான் இருந்தது. தப்பியோடிய அடிமைகளைப் பிடிக்க 1850இல் போட்ட சட்டப்படி, பிடிபட்டவர் தன் தரப்பில் சாட்சி சொல்லவே முடியாது. அவரை அடிமை என்று முடிவு செய்தால் விசாரித்த அதிகாரிக்கு 10 டாலர், விடுதலை செய்தால் 5 டாலர்தான். 1857இல் ட்ரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம் கறுப்பர்கள் அமெரிக்கக் குடிமக்களே ஆக முடியாது என்றது. ஜேசன் எத்தனை புத்தகம் படித்திருந்து என்ன, அவன் பேச்சு எந்தச் சபையில் ஏறும்?

இந்த மோசடியும் வெறும் கற்பனை இல்லையடா. மிசிசிப்பி நதியைப் பற்றி மார்க் ட்வைன் 1883இல் எழுதிய புத்தகத்தில், மர்ரெல் என்ற கொள்ளைக்காரனின் கும்பல் வருகிறது. 'ஓடி வா, உன்னை விற்கிறோம், பணத்தில் பங்கு தருகிறோம், பிறகு விடுதலை' என்று அடிமைகளுக்கு ஆசை காட்டி, ஒரே ஆளை மூன்று நான்கு முறை விற்பார்கள். கடைசியில் சாட்சி இருக்கக் கூடாதென்று கொன்று ஆற்றில் வீசுவார்கள். இதைப் படித்துவிட்டுப் படத்தை மறுபடி பார்த்தால், குவின்சி 'கவலைப்படாதே' என்று சொல்லும் இடமெல்லாம் வயிற்றைப் பிசைகிறது.

எட் ஆஸ்னர் நடித்த அடிமை வியாபாரி இவர்கள் வித்தையைக் கண்டுபிடித்த பிறகு படத்தின் நிறமே மாறிவிடுகிறது. ஜேசன் நிஜமாகவே விற்கப்பட்டு டெக்சாஸ் பண்ணைக்குப் போகிறான். சிரிப்புப் படம் திடீரென்று கனத்துவிட்டது என்று சிலர் குறை சொல்வார்கள். எனக்கு அந்தத் திருப்பம்தான் பிடித்தது. அது இல்லாவிட்டால் முதல் பாதிச் சிரிப்பு பொய்யாகியிருக்கும். அடிமை முறையை ஒழிக்க ஆயுதம் ஏந்திய ஜான் பிரவுன் தன் ஆட்களோடு வந்து அடிமை ஏலத்தில் புகுந்து கலக்கும் காட்சியும் உண்டு. ஜேசன் விரும்பும் பெண்ணுக்கு மட்டும் சரியான காட்சிகள் தரவில்லை. அது எனக்குக் குறைதான்.

நடிகர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1963இல் மார்ட்டின் லூதர் கிங் பேசிய வாஷிங்டன் பேரணியில் கார்னரும் கலந்துகொண்டார். காஸெட் பின்னாளில் துணை நடிகருக்கான ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினத்தவர். 2024இல் காலமானார். விற்கப்படும்போது குனிந்த தலையும், தனியாக இருக்கும்போது நிமிர்ந்த பேச்சுமாக அவர் மாறுவதைக் கவனித்துப் பார்.

நண்பனைத் தேடி குவின்சி டெக்சாஸ் வரை போகிறான். அதனால் அவனை மன்னித்துவிடலாமா? முடியாது என்பேன் நான். நீ பார்த்துவிட்டு எழுது.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ரவி